உங்கள் அத்தை வந்த சேனல்

பெரியவளே, சின்னவனே, இதை இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். வாய்மாறிப் போனால் தப்பு யார் மேல் என்பதும் மாறிப்போகும். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன வாரம் சாப்பிடும்போது பெரியவள் ஒரு வார்த்தை சொன்னாள். "நாங்க கேபிள எடுக்கச் சொல்லலைன்னா, அப்பா அத்தை மொகத்தப் பாத்திருப்பாங்க இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டாள். நான் கை கழுவப் போகிறவன் போல எழுந்து போய்விட்டேன். அந்த வார்த்தையை உன் மனசில் இத்தனை நாள் வைத்திருந்தாயா என்று எனக்குத் தாங்கவில்லை. அதற்குத்தான் எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி டிஷ் வாங்குவது என்று ஒரு மாதம் நம் வீட்டில் அதே பேச்சாக இருந்தது, நினைவிருக்கிறதா? அப்பா என்ன இவ்வளவு யோசிக்கிறார் என்று சலித்துக்கொண்டீர்கள். நான் கம்பெனியைப் பற்றி யோசிக்கவில்லை. கேபிள் போனால், என் அக்காவைக் கண்ணால் பார்க்க எனக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் போய்விடும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "வேலை" என்று சொன்னேன். காரணம் இதுதான். கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்டை அத்தையின் ஊர். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் நான். முதல் தண்ணீர் நான் ஊற்ற வேண்டும், முதல் மாலை நான் போட வேண்டும். அன்றைக்கென்று சீர் ஏற்றிய வண்டி வழியில் நின்றுபோய், ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நல்ல நேரம் போகிறது என்று அவர்கள் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, மாலையும் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஊரே பார்க்க நான் சீர்த்தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா ரோடு வரைக்கும் ஓடிவந்தாள். "டேய், தண்ணியாவது குடிச்சிட்டுப் போடா" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷத்தில் நான் அவளைப் பார்த்தது மூன்று தடவை. மூன்றும் டிவியில்.

நம் கேபிளில் வந்த ஊர் சேனலை நீங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, பள்ளி ஆண்டு விழா, சுத்துப்பட்டு கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. திரும்பத் திரும்ப அதுதான். ஒரு ஆடி மாசம் அக்கா ஊர் அம்மன் கோயில் பால்குடத்தைக் காட்டினார்கள். வரிசையில் ஐந்தாவது ஆளாக அக்கா வந்தாள். மஞ்சள் புடவை. முன்பு கை கொள்ளாத முடி, இப்போது சின்னக் கொண்டை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். சின்னவன் உள்ளே வந்து, "அப்பா, மேட்ச் ஆரம்பிச்சிட்டான், மாத்து" என்றான். ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் லோடு வண்டி எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் அந்தச் சேனலைப் பார்ப்பேன். இன்னொரு தடவை அன்னதானப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடது காலைச் சற்றே அழுத்தி வைக்கிற நடையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அவள் ஊர் பெயர் போட்டுக் கண்ணீர் அஞ்சலி வந்தால், போட்டோ வருகிற வரைக்கும் சட்டைப் பொத்தான் போடாமல் நிற்பேன். வேறு யாரோ என்று தெரிந்த பிறகுதான் வெளியே கிளம்புவேன்.

இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், "அவ்ளோ ஆசையா இருந்தா பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே, இருபது மைலா?" என்று கேட்பாள்.

அந்த ஐப்பசி மழையில் கேபிள் அடிக்கடி நின்றது. பெரியவளுக்குப் பாடம் நடத்தும் சேனல் வேண்டும், சின்னவனுக்கு விளையாட்டுச் சேனல் வேண்டும், அம்மாவுக்குத் தொடர் பாதியில் நிற்கக் கூடாது. மூன்று பேரும் ஒரே குரலில் டிஷ் என்றீர்கள். நான் நாளைக் கடத்துவதற்காக, மழையில் படம் நிற்காத கம்பெனி எது என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றேன். சொன்னதற்காக மழை பெய்யும்போதெல்லாம் குடை பிடித்துக்கொண்டு, மாடியில் டிஷ் இருக்கிற வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன்.

மூணாவது தெரு டீச்சரம்மா கதவைத் திறந்து, "இன்னாங்க, மழையில வூடு வூடா வர்றீங்க? எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?" என்றார்கள்.

"இல்லிங்கம்மா. உங்க டிவில இப்ப படம் வருதாங்க?"

"வந்தா பாத்துக்கினு இருக்க மாட்டனா? கட்டம் கட்டமா நிக்குது. வாங்க, நீங்களே பாருங்க."

எதிர்ச் சாரியில் வேறு கம்பெனி. அங்கே மழை விட்டுப் பத்து நிமிஷத்தில் படம் திரும்ப வந்துவிடும் என்றார்கள். ஆறேழு வீடு பார்த்தேன். எல்லாக் கம்பெனியும் கனத்த மழைக்கு நிற்கத்தான் செய்தது. ஒன்று சீக்கிரம் திரும்பியது, ஒன்று தாமதமாகத் திரும்பியது. அதற்கு மேல் நாள் கடத்த வழியில்லை.

டிஷ் கம்பெனி ஏஜெண்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நரைத்த மீசை வைத்தவர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினாரே, அவர்தான். சேனல் பட்டியலைப் பெரியவள் கையில் கொடுத்தார். நீ எண்ணி முன்னூறுக்கு மேல் என்றாய். கல்வராயன் மலை மறைக்காதா என்று அம்மா கேட்டாள். "மலை மேற்கால இருக்குதும்மா. நமக்கு வேண்டியது தெற்கால, தலைக்கு மேல. அங்க மறைக்க இன்னா இருக்குது?" என்றார். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நம்ம ஊரு சேனல் இதுல வருங்களா?"

அவர் சிரித்தார். "இது ஆகாசத்துலேர்ந்து வர்றதுங்க. ஆகாசத்துல ஏதுங்க கள்ளக்குறிச்சி?"

நீங்களும் சிரித்தீர்கள். சிரித்தது தப்பில்லை, எனக்கே சிரிப்பு வந்தது. பெரியவள் நீதான் கேட்டாய்: "அதுல இன்னாப்பா இருக்குது? சாவு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும்தானே?"

பெரியவளே, அந்த இடத்தை நன்றாகப் படி. நீ என்னைக் கேள்வி கேட்டாய். அதில் உங்க அத்தை வருவாள் என்று நான் சொல்லியிருந்தால், நீ அந்தப் பட்டியலை அப்படியே மடித்து அவர் கையில் கொடுத்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். வாய் திறக்காமல் இருந்தது நான். ஆறு வருஷமாகக் கோபத்தில் இருக்கிறேன் என்று உங்கள் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

கேபிளும் இருக்கட்டுமே என்று முணுமுணுத்துப் பார்த்தேன். "ஒரு வூட்டுக்கு ரெண்டா?" என்றாள் அம்மா. ஏஜெண்ட் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கேபிள்காரர் வந்து ஒயரைச் சுருட்டிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிட்டு, "பட்டணத்துக் கல்யாணமெல்லாம் பாருங்க. உங்க ஊரு கல்யாணம் வேணும்னா எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு வாரம் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய் நின்றேன். அங்கே கேபிள்தான். ஆனால் கடைக்காரர் சினிமாப் பாட்டு வைத்திருப்பார். மாற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிறகு அதையும் விட்டுவிட்டேன். வண்டிக்கு லோடு நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு வேளை ஓடி அடுத்த வேளை வருவது தெரியாமல் போயிற்று. அக்காவை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தை மாசம் ஒரு வியாழக்கிழமை. விடியற்காலையில் கச்சிராயபாளையம் ஜவுளிக்கடை பாய் வீட்டில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இறக்க வேண்டும். கடைக்காரர் கீழே போயிருந்தார், வருகிற வரைக்கும் காத்திருந்தேன். மலையில் இரண்டாவது வளைவு தாண்டினால் என் போனில் டவர் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். போனை வண்டி டப்பாவில் போட்டுவிட்டேன். இறக்கி முடித்துத் திரும்பி, பாய் கடைக்கு ரசீது கொடுக்க வந்தபோது மணி நாலு அடித்திருந்தது.

பாய் கடையில் டிவி எப்போதும் ஓடும். ரசீதை நீட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். கண்ணீர் அஞ்சலி ஓடியது. போட்டோ அக்காவுடையது.

ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். இன்று விடியற்காலை காலமானார், இன்று மாலை மூன்று மணியளவில் நல்லடக்கம். கீழே, கணவர், மகன், மகள். அதற்கும் கீழே ஒரு வரி தனியாக: தம்பி. பக்கத்தில் என் பெயர். பிறகு கள்ளக்குறிச்சி என்று நம் ஊர்.

"இன்னாப்பா, தெரிஞ்சவங்களா?" என்றார் பாய்.

"எங்க அக்கா, பாய்."

அவர் கையிலிருந்த கஜக்கோலைக் கீழே வைத்தார். "யா அல்லா. காலையிலேர்ந்து ஓடிக்கினு இருக்குதே. உன் வூட்டுல டிவி இல்லியா?"

"இருக்குது, பாய்."

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். "பொறந்த வூட்டுக் கோடி நீதான எடுத்துக்கினு போகணும். அவங்க இன்னா கலரு கட்டுவாங்க?"

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கல்யாணமாகிப் போன பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். சாவுக்கு யாரும் வெற்றிலை வைத்து அழைக்க மாட்டார்கள். எத்தனை சண்டை இருந்தாலும் கேள்விப்பட்டால் போக வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா என்ன கலர் கட்டுவாள்? ஆறு வருஷத்தில் நான் பார்த்தது டிவியில் பார்த்த மஞ்சள்தான். "மஞ்சள் குடுங்க பாய்" என்றேன். அரக்குக் கரை போட்ட மஞ்சள் புடவையைப் பையில் போட்டு, அவரே வண்டிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவைத் திறந்து போனைப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து நாலு தடவை கூப்பிட்டதாக மெசேஜ் வந்திருந்தது.

நான் போய்ச் சேரும்போது பந்தலில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு கழுவிவிட்ட தண்ணீர் வாசலில் நின்றது. ஆண்கள் குளித்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என் கையிலிருந்த பையை மட்டும் பார்த்தார்கள்.

அக்கா மகன் மொட்டைத் தலையோடு எழுந்து வந்தான். வாசலில் நான் தட்டை வைத்துவிட்டுப் போன அன்றைக்கு எட்டாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது என்னைவிட உயரம்.

"இப்பதான் வர்றீங்களா மாமா?"

"எனக்குத் தெரியாதுடா. மலைக்குப் போயிருந்தேன். சத்தியமா தெரியாது."

"போன் அடிச்சேன். கெடைக்கல. வேணும்னேதான் போன நிறுத்தி வெச்சிருக்காருன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒத்துக்கல. டிவில மாமா பேரப் போட்டுருக்குது, பாத்துட்டு வராம இருக்க மாட்டாருன்னு சொன்னேன்."

"வூட்டுல கேபிள் இல்லடா. எடுத்துட்டோம்."

"கேபிள எடுத்துட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டான். பிறகு சொன்னான்: "அம்மாதான் சொல்லி வெச்சிருந்தாங்க மாமா. எனக்கு ஒண்ணுன்னா டிவில போடுங்கடா, என் தம்பி பேரையும் சேத்துப் போடுங்க, அவன் எப்படியும் நம்ம ஊரு சேனலப் பாப்பான்னு. என்னைய பால்குடத்துல பாத்திருப்பானா, அன்னதானத்துல பாத்திருப்பானான்னு சும்மா சும்மா கேப்பாங்க. கேமராக்காரன் வந்தா முன்னால போயி நிப்பாங்க. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு உங்களுக்காகக் காத்திருக்கலன்னுதான கோச்சிக்கினு போனீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. "இன்னைக்குக் காத்திருந்தோம் மாமா. மூணு மணின்னு போட்டோம், மூணே முக்கால் வரைக்கும் வெச்சிருந்தோம். வெயில்ல பெரியவங்கல்லாம் சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் உங்க சித்தப்பா மகன்தான் கோடி போட்டாரு. அவரும் நீங்க டவுன்லேர்ந்து நேரா வந்துருவீங்கன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு."

அக்காவின் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். அவரைப் பார்த்து அழுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் ஒரு நாற்காலியை அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டு, "உக்காரு. காலையிலேர்ந்து சாப்ட்டிருக்க மாட்ட" என்றார். உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அழுதாள். சின்னவன் போய் டிவியை நிறுத்தினான். பெரியவளே, நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். அப்போதே இந்த எண்ணம் உன் மனசில் விழுந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு எது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். நீங்கள் கேட்டது படிக்கவும் விளையாட்டுப் பார்க்கவும். அதில் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்கு நாலு பஸ் ஓடுகிறது. என் வண்டி வாரம் இரண்டு தடவை அந்த ஊர் முக்கு ரோட்டைத் தாண்டித்தான் மலைக்குப் போனது. ஆறு வருஷம் அந்த முக்கில் ஒரு தரமும் வண்டி திரும்பவில்லை. டிஷ் மாட்டாமல் இருந்திருந்தால் கோடி போட்டிருப்பேன், அது உண்மைதான். ஆனால் போட்டுவிட்டு, சரியாகத்தான் நடந்துகொண்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் கேமராவுக்கு முன்னால் போய் நின்றது எனக்காக என்பது தெரிந்திருக்காது.

உங்களுக்குள்ளும் ஒரு நாள் சண்டை வரும். வராது என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு ஒருத்தரை ஒருத்தர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். நேரில் போய் நின்று திட்டிவிட்டாவது வாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது.

மறுநாள் பால் தெளிக்கு நானும் அம்மாவும் போனோம். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். ஏரிக்கரை ஓரத்துச் சுடுகாட்டில்தான் அக்காவைப் புதைத்திருந்தார்கள். பால் தெளித்து, நவதானியம் போட்டு, வாய்க்கரிசி மிச்சத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். ஒரு லோடு இருக்கிறது என்று சொல்லி அம்மாவைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனேன்.

வெயில் ஏறியிருந்தது. யாரும் இல்லை. பால் ஊற்றின இடத்தில் எறும்பு வரிசை பிடித்திருந்தது. பாய் கொடுத்த பையிலிருந்து மஞ்சள் புடவையை எடுத்தேன். விலைச் சீட்டைக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மேட்டின்மேல் போர்த்தினேன். ஏரிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டே இருந்தது. நாலு மூலைக்கும் கல் தேடினேன். மூன்றுதான் கிடைத்தது. நாலாவது மூலைக்கு ஒரு மண்கட்டியைக் கொண்டுவந்து வைத்து, அது உடையாமல் மெதுவாக அழுத்திவிட்டு எழுந்தேன்.